ஒன்றரை மணிக்குப் பிறகு

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது. ஒலிவாங்கி இரண்டு தரம் நின்றுபோனதால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை என்றார்கள். அவர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

தலைவர் அவர்களே, நேரத்துக்கு வந்து, நாங்கள் நேரத்துக்குத் தொடங்காத குற்றத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய பிள்ளையார் கோயில் குருக்கள் ஐயா அவர்களே, எங்கள் பாடசாலையின் அதிபர் அம்மா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே (உங்களை இன்னும் விதானையார் என்றே கூப்பிடுகிறோம், கோபிக்கக்கூடாது), கனடாவிலிருந்து வந்து முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்கும் பழைய மாணவர் சங்கப் பிரதிநிதி அவர்களே, தாய்மாரே, தந்தைமாரே, பரிசு எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இன்று ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. நன்றி. வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. மனுசி அவற்றைத் தலையணை உறையாகத் தைத்து முடித்துவிட்டா. அடுத்த வருடம் அந்தக் காசுக்குக் கொப்பி வாங்கித் தந்தால் நானே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பேன். குருக்கள் ஐயாவும் தலையாட்டுகிறார், பாருங்கோ.

சரி. எனக்குத் தந்த தலைப்பு, காசு நெருக்கடியான காலத்தில் பிள்ளையைத் தனியார் பாடசாலைக்கு விடுவதா, அரசாங்கப் பாடசாலைக்கு விடுவதா என்பது. தை மாதம் வருகிறது, தரம் ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்கிற யோசனை பல வீடுகளில் ஓடுகிறது. நான் மூன்று விடயம் சொல்லப்போகிறேன். ஒன்று, காசு. இரண்டு, ஆங்கிலம். மூன்று, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளை எங்கே போகிறது என்பது.

எங்கள் அப்பாச்சி எதற்கெடுத்தாலும் 'விரலுக்குத் தக்க வீக்கம் வேணும்' என்பா. என்னோடு படிப்பித்தவர்கள் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். ஆசிரியர் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. இன்றைக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. தனியார் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்கள் அமெரிக்க மிசனரிமார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் ஆறுமுக நாவலர். 1923இல் இந்து போர்ட் என்று சனம் சொல்லும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, இந்து போர்ட் இராசரத்தினம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். எல்லாமே அரசாங்கத்துக்கு வெளியே நின்றவர்கள் செய்த வேலை. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் கல்வி இலவசமானது. 1960, 61இல், அதுவரை அரசாங்க உதவிப் பணத்தோடு மற்றவர்கள் நடத்திய பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பரி. யோவான், சம்பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில வெளியே நின்றன. அவை தனியார்தான், ஆனால் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிறது. கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க அதன்பிறகு சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் பிறகு வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்டு வந்தன. கம்பனி என்றால் இலாப நட்டக் கணக்கு உண்டு. குற்றமாகச் சொல்லவில்லை. எங்கே கையெழுத்து வைக்கிறோம் என்று தாய் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிக் காசு. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

2019இல் என் மகளும் மருமகனும் பேத்தியை நகரில் ஒரு சர்வதேசப் பாடசாலையில், பாலர் வகுப்பில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். மருமகனுக்கு ஹாட்வெயார் கடை. சீமெந்தும் கம்பியும் நன்றாக ஓடிய காலம். நான் அப்போதே எதிர்த்தேன் என்று இங்கே நின்று பெருமை பேச முடியாது. முதல் நாள் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டதே நான்தான். படமும் எடுத்து இலண்டனில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன்.

பிறகு வந்தது 2022. சித்திரையில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் 360ஐத் தொட்டது. வீடு கட்டியவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்தினார்கள். மருமகன் கடையில் ஈ ஓட்டினார். அந்த நேரம் பார்த்துப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கட்டணம் கூடுகிறது என்று. முழுக்க ஆங்கிலம். மருமகனுக்கு வாசிக்கப் பொறுமை இல்லை. ஏழு வயதுப் பேத்தி எழும்பி நின்று, நிறுத்தி நிதானமாக, உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தாள். நாங்கள் காசு கட்டிப் படிப்பித்த ஆங்கிலத்தால் வீட்டுக்குக் கிடைத்த முதற்பயன் அதுதான்!

டீசல் இல்லை, பிள்ளையை ஏற்றிப்போகிற பாடசாலை வான் நின்றுவிட்டது. பரணில் கிடந்த லுமாலா சைக்கிளை இறக்கினேன். முன்பாரில் ஒரு துவாயைச் சுற்றிப் பேத்தியை இருத்தி, பருத்தித்துறை வீதியால் உழக்கினேன். இருபாலைக்கு வர மூச்சு வாங்கும். கல்வியங்காட்டில் இறங்கி நடப்பேன். வழிநெடுக எண்ணெய் வரிசை. வரிசையில் நிற்பவன் எல்லாம் என்னிடம் படித்தவன். 'சேர், தள்ளிவிடட்டோ?' என்று ஒருவன் கேட்டான். அவன் கணக்கில் பத்துக்கு மேல் எடுத்ததில்லை. அன்றைக்கு நல்லூர் முத்திரைச் சந்தி வரை தள்ளிக்கொண்டே வந்தான்.

தவணைக் காசுக்குத் திகதி வந்தது. மகள் தன் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். தான் போக வெட்கம், என்னைப் போகச் சொன்னாள். எனக்கு மட்டும் வெட்கம் இல்லையா? தலையில் தொப்பி போட்டுக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் ஒரு அடைவுகடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தெரிந்த முதுகு. திரும்பினார். பேத்தியின் வான் சாரதி!

"என்ன மாஸ்ரர், நீங்களும் இஞ்சையோ?"

"பள்ளிக்கூடக் காசு கட்டவேணும் தம்பி. நீர்?"

"வானுக்கு லீசிங் கட்டவேணும் மாஸ்ரர். வான் ஓடாட்டியும் லீசிங் ஓடுது."

இரண்டு பேரும் சிரித்தோம். வேறென்ன செய்வது? பின்னால் ஒரு குடை மடங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பேத்தியின் வகுப்பு ரீச்சர். சின்னப் பிள்ளை, முகம் சிவந்துபோயிற்று. அந்தப் பாடசாலையில் இரண்டு மாதமாக அரைச் சம்பளமாம். கட்டணம் கட்டுபவன், பிள்ளையை ஏற்றுபவன், பிள்ளைக்குப் படிப்பிப்பவள், மூன்று பேரும் ஒரே தராசுக்கு முன்னால்! விரலுக்குத் தக்க வீக்கம் என்று அப்பாச்சி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீங்கின விரல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து மோதிரம் கழற்றிக்கொண்டு நிற்கின்றன.

அந்த வருட முடிவில் பேத்தியை இங்கே, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மூன்று கிழமை அழுதாள். தமிழ் வாசிப்பில் பின்வாங்கில். 'ழ'வும் 'ள'வும் அவளுக்கு ஒன்று. அதிபர் அம்மாவும் அந்த வகுப்பு ஆசிரியையும் கைபிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர்களுக்கு இந்த மேடையில் என் கும்பிடு. பாடப் புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம், வான் காசு இல்லை, பொடிநடையாகப் போய் வருகிறாள். ஆனால் கழிப்பறைக் கதவுக்கு இன்னும் கொக்கி இல்லை என்று அவள் சொல்கிறாள். பணிப்பாளர் அவர்கள் குறித்துக்கொள்கிறார். நல்லது. அரசாங்கப் பாடசாலைக்கு வக்காலத்து வாங்குகிறவன் அந்தக் கொக்கியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கதை இத்தோடு முடிந்தால் 'அரசாங்கமே நல்லது' என்று சொல்லிவிட்டு நான் இருந்திருப்பேன். முடியவில்லை. பேத்தி ஐந்தாம் தரத்துக்கு, புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வகுப்புக்கு வந்தாள். கணக்குக்கு ஒரு ரியூசன், தமிழுக்கு ஒன்று, வினாத்தாள் செய்வதற்கென்று தனியாக ஒன்று, ஞாயிறு காலை ஆங்கிலம். ஒரு நாள் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ரியூசன் காசு, கூட்டிப்போகிற ஓட்டோ, அச்சடித்த வினாத்தாள். பழைய பாடசாலைக் கட்டணத்துக்குக் கிட்ட வந்து நின்றது. இலவசப் பாடசாலைக்கு மாற்றி நாங்கள் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று அப்போதுதான் விளங்கியது.

தனியாரா, அரசாங்கமா என்ற கேள்வியே கொஞ்சம் பிழை என்று நான் நினைப்பது அதனால்தான். நம் ஊரில் எல்லாப் பிள்ளையும் பின்னேரம் தனியாரில்தான் படிக்கிறது. இலவசக் கல்வி ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காசு உள்ள பிள்ளை ஒரு பக்கம், இல்லாத பிள்ளை ஒரு பக்கம்.

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை இல்லை. நானும் பத்தொன்பது வருடம் ரியூசன் கொடுத்தவன். வீட்டுக்கு மேல்தட்டுப் போட்டது அந்தக் காசில்தான். கேட்டால் சம்பளம் போதாது என்று சொல்லியிருப்பேன். பொய்யும் இல்லை. ஆனால் காசு தர முடியாமல் பாதியில் நின்ற பிள்ளைகளின் முகம் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த நேரம் வரவில்லை.

இரண்டாவது விடயம் ஆங்கிலம். அதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். தலைவர் ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார், 'சுருக்கவும்' என்று. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதுகிற இலண்டன் பரீட்சைக்குக் கட்டணம் பவுண் கணக்கில். ரூபா விழுந்தால் அதுவும் ஏறும். மிச்சம் அடுத்த ஆண்டு விழாவில், கூப்பிட்டால்.

நான் இங்கே வந்தது வேறொரு காரியத்துக்காக. இந்தச் சனசமூக நிலையத்தைப் பாருங்கள். காலையில் நாலு பேர் பேப்பர் பார்க்கிறோம். பிறகு பூட்டு. பின்னேரம் முழுக்கக் கதிரைகள் சும்மா இருக்கின்றன. தொண்ணூறுகளில், கரண்ட் இல்லாத காலத்தில், இதே விறாந்தையில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலு பிள்ளை இருந்து படித்தார்கள். ஆளுக்கொரு விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. அப்படிப் படித்த ஒருவர்தான் இப்போது கனடாப் பிரதிநிதியாக முன்வரிசையில் இருக்கிறார். அவர் வெட்கப்பட்டாலும் நான் சொல்வேன்.

அப்பாச்சி வீட்டில் ஒரு பிடியரிசிப் பானை இருந்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி அதற்குள் போகும். கிழமைக்கொருக்கால் ஆள் வந்து கொண்டுபோவார். நம் பள்ளிக்கூடத்தின் முதற் கொட்டில் அந்த அரிசியில்தான் எழும்பியது என்று அவ சொல்லுவா. இப்போது அரிசி வேண்டாம், நேரம் வேண்டும். இந்த ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர் இருக்கிறோம், எண்ணிப் பார்த்துவிட்டேன். கிழமையில் ஒரு பின்னேரம், ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு ஒரு பிடி. கம்பஸில் படிக்கிற பிள்ளைகளும் வாருங்கள். பாடம் படிப்பிக்கத் தேவையில்லை, வீட்டுவேலை செய்யும்போது பக்கத்தில் இருந்தால் போதும். காசு வாங்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. கனடா ஐயா, உங்களிடமும் பெரிதாகக் கேட்கவில்லை. போன தடவை வாயிலுக்கு வளைவு கட்டித் தந்தீர்கள், அழகாக இருக்கிறது. இந்தத் தடவை ஆறு ரியூப் லைட்டும் மாதாமாதம் லைட் பில்லும். விரலுக்குத் தக்க வீக்கம்தான்.

தலைவர் இரண்டாவது துண்டும் அனுப்பிவிட்டார். பின்னால் வடையும் ஆறுகிறதாம். மேசையில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. முதற் பக்கத்தில் என் பெயரும், திங்கட்கிழமை, நாலரை மணி என்றும் எழுதியிருக்கிறேன். மற்ற நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. எழுதுகிறவர்கள் பேனையை அங்கேயே வைத்துவிடுங்கள், அது பேத்தியுடையது.