சட்டம் எட்டாத இடத்தில் ஒரு வானொலி

நண்பர்களே, வணக்கம். இன்றைக்குப் பேசப்போவது கடலில் மிதந்த வானொலிகளைப் பற்றி. பிரிட்டனில் இவற்றைக் கடற்கொள்ளை வானொலி என்றார்கள். பெயரைக் கேட்டு வாளும் கையுமாக யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நங்கூரம் போட்ட பழைய கப்பல், மேலே உயரமான ஆன்டெனா கம்பம், உள்ளே இசைத்தட்டுகள், தூக்கம் கெட்ட நாலைந்து இளைஞர்கள். அவ்வளவுதான்.

கப்பல் நின்ற இடம்தான் விஷயமே. அந்தக் காலத்தில் பிரிட்டனின் கடல் எல்லை 3 கடல் மைல். அதற்கு வெளியே வேறொரு நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு நின்றால் சட்டம் எட்டாது, பாட்டு எட்டும். இந்தச் சட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை. 1958ல் டென்மார்க்குக்கு ரேடியோ மெர்குர், 1960ல் ஹாலந்துக்கு ரேடியோ வெரோனிகா, அடுத்த வருஷம் சுவீடனுக்கு ரேடியோ நோர்ட் என்று ஏற்கெனவே கப்பல்கள் பாடிக்கொண்டிருந்தன.

பிரிட்டனில் அப்போது உள்நாட்டு வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். அதிலும் இசைத்தட்டு போடுவதற்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக் கலைஞர்கள் சங்கமும் வைத்த வரம்பு அது. தட்டையே சுழற்றிக்கொண்டிருந்தால் வாசிக்கிறவன் பிழைப்பு என்ன ஆவது என்று சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அதன் விளைவு, ஊரே கேட்கத் துடித்த பாட்டை பிபிசியின் வாத்தியக் குழு தன் பாணியில் வாசித்துக் காட்டும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது போதுமா?

இங்கேதான் ரோனன் ஓராகிலி வருகிறார். அயர்லாந்துக்காரர். தான் மேலாளராக இருந்து கவனித்துக்கொண்ட பாடகர் ஜார்ஜி ஃபேமின் தட்டை எந்த நிலையமும் போட மறுத்த கோபத்தில் ஆரம்பித்தேன் என்பது அவரே சொல்லிவந்த கதை. அவருடைய அப்பாவுக்கு கிரீனோரில் சொந்தத் துறைமுகமே இருந்தது; கோபத்துக்கு அது ரொம்ப வசதி. ஃபிரெடரிசியா என்ற டேனிஷ் பயணிக் கப்பலை அங்கே கொண்டுபோய்க் கம்பம் நட்டார். 1964 மார்ச் 28, ஈஸ்டர் சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்கே ஃபீலிக்ஸ்டோ கரைக்கு எதிரே ரேடியோ கரோலைன் ஒலிபரப்பைத் தொடங்கியது. சில மாதங்களில் போட்டிக்கு வந்த ரேடியோ அட்லாண்டாவுடன் கைகோத்துக்கொண்டது. பழைய கப்பல் வடக்கே ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போனது. அட்லாண்டாவின் கப்பலான மீ அமீகோ தெற்கே நின்றது. வருஷக் கடைசியில், அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பலில் (கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பல்) ரேடியோ லண்டன் வந்தது. அதன் பின்னால் இருந்தது டெக்சாஸ் பணம்.

இதை இளைஞர் புரட்சி என்பார்கள். எனக்கு முதலில் வியாபாரமாகத்தான் படுகிறது. விளம்பரம் வராவிட்டால் டீசல் கிடையாது. ஆனால் கப்பலில் இருந்த பையன்களுக்கு அது வேறு. ஜானி வாக்கர் என்ற அறிவிப்பாளர் ராத்திரி நிகழ்ச்சியில், ஃபிரின்டன் கடற்கரையில் காரை நிறுத்தி முகப்பு விளக்கை மின்னுங்கள் என்பார். இருட்டில் கரையோரம் பளிச் பளிச் என்று எரியும். அதைப் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசுவார். இதே ஃபிரின்டனில்தான் 1966 ஜனவரியில் மீ அமீகோ நங்கூரம் இழுபட்டுத் தரைதட்டியது. உள்ளே இருந்தவர்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள்.

அதே வருஷம் ஜூனில் ஓர் அசிங்கம் நடந்தது. கப்பல் மட்டுமல்ல, தேம்ஸ் முகத்துவாரத்தில் கைவிடப்பட்ட போர்க்காலக் கோட்டைகளிலும் வானொலிகள் இருந்தன. அதில் ஒன்றான ரேடியோ சிட்டியின் உரிமையாளர் ரெஜினால்ட் கால்வர்ட், ஒலிபரப்புக் கருவி தகராறில், எதிராளி ஆலிவர் ஸ்மெட்லியின் வீட்டுக்குப் போனார், சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்பு என்று நீதிமன்றம் ஸ்மெட்லியை விடுவித்தது. அதற்குப் பிறகு, இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று யாரும் வாதாட முடியவில்லை.

சரி, எட்டாத கப்பலை அரசு எப்படிப் பிடித்தது? பிடிக்கவே இல்லை. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு அமலுக்கு வந்த சட்டம் கரையில் இருந்தவர்களைப் பிடித்தது. கப்பலில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ்காரர் குற்றவாளி. சோறும் டீசலும் அனுப்புகிறவர் குற்றவாளி. விளம்பரம் கொடுக்கிறவரும் குற்றவாளி. கெட்டிக்காரச் சட்டம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன்னாட்சி பெற்ற தீவான ஐல் ஆஃப் மேனின் நாடாளுமன்றம் இதே சட்டத்தை நிறைவேற்ற மறுத்தது. லண்டன் மேலிருந்து ஆணை போட்டுத் திணித்தது. ஒரு பாட்டுக் கப்பலுக்காகத் தன்னாட்சித் தகராறே கிளம்பியது.

ரேடியோ லண்டன் அன்று மத்தியானம் 3 மணிக்கே மூடிக்கொண்டது. கரோலைன் மட்டும் நள்ளிரவைத் தாண்டியும் பாடியது. மைக்கில் ஜானி வாக்கரும் ராபி டேலும். ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பிபிசி ரேடியோ 1 ஆரம்பமானது. முதல் அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன், கொள்ளைக் கப்பலில் தொழில் பழகியவர்! ஜான் பீல், கென்னி எவரெட் என்று கூட்டமே கூடவே போனது. ஆட்களை அரசு குற்றவாளி ஆக்கியது, பிபிசி வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கரோலைனை நிறுத்தியது போலீஸும் இல்லை. 1968 மார்ச்சில் கடன் பாக்கிக்காக டச்சு இழுவைக் கப்பல்கள் வந்து கரோலைனின் இரண்டு கப்பல்களையும் கட்டி இழுத்துப் போயின. மீ அமீகோ பின்னர் திரும்பி வந்து, 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியது. ஷியர்னெஸ் உயிர்மீட்புப் படகு நாலு பேரையும் அவர்கள் வளர்த்த ஒரு கானரிக் குருவியையும் மீட்டது. அப்புறம் 1983ல் ராஸ் ரிவெஞ்ச் என்ற பழைய மீன்பிடிக் கப்பல் வந்தது. அதுவும் 1991ல் குட்வின் மணல்திட்டில் சிக்கியதோடு கடல் வானொலிக் காலம் பிரிட்டனில் முடிந்தது.

ராஸ் ரிவெஞ்ச் இன்று எசெக்ஸில், பிளாக்வாட்டர் கழிமுகத்தில் நிற்கிறது. கரோலைனும் இருக்கிறது. 2017ல் உரிமம் கொடுத்தார்கள், மத்திய அலையில் 648 கிலோஹெர்ட்ஸ். முன்பு பிபிசி உலகச் சேவை வைத்திருந்த அலைவரிசை அது.