நிரூபித்துக் காட்டச் சொல்வது யார்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு மியூசிக், எடிட்டிங் எதுவும் இல்லை. உட்கார்ந்து பேசப் போகிறேன், அவ்வளவுதான்.

நம்மில் நிறையப் பேர் ஜெபத்தை எப்படி ஆரம்பிக்கிறோம்? "ஆண்டவரே, நான் ஒரு தூசி, நான் ஒரு புழு, ஒன்றுக்கும் உதவாத பாத்திரம்." கேட்டுக் கேட்டு நாக்கில் ஏறிவிட்ட வார்த்தைகள். உண்மையான தாழ்மையோடு அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் ஆமென் சொல்லி எழுந்த பிறகும், வேலைக்குப் போகும்போதும், ராத்திரி படுக்கும்போதும் அதையே நிஜமென்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களோடுதான்.

அந்தப் புழு எங்கே வருகிறது? பைபிளில் சங்கீதம் 22, 6-ஆம் வசனம். "நானோ ஒரு புழு, மனுஷனல்ல." நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். வசனம் அங்கே முடியவில்லை. "மனுஷரால் நிந்திக்கப்பட்டும், ஜனங்களால் அவமதிக்கப்பட்டும் இருக்கிறேன்" என்று தொடர்கிறது. அடுத்த வசனத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் பரியாசம் பண்ணுகிறார்கள், உதட்டைப் பிதுக்குகிறார்கள். இதைப் பாடியவனை யார் புழுவாக்கியது என்று இப்போது தெரிகிறதா? சுற்றியிருந்த மனுஷர். அவர்கள் மிதித்து மிதித்து, கடைசியில் அவன் வாயிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. அவனைப் பற்றிக் கடவுள் என்ன நினைக்கிறார் என்பது 24-ஆம் வசனத்தில்தான் வருகிறது. உபத்திரவப்பட்டவனை அவர் அற்பமாக எண்ணவில்லை, அருவருக்கவில்லை, தம் முகத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை. 6-ஐ மனப்பாடம் செய்த நாம் 24 வரைக்கும் போவதே இல்லை. இன்னொன்று, சிலுவையில் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினாரே, அது இந்தச் சங்கீதத்தின் முதல் வரி. அவமதிக்கப்பட்டவன் நின்ற அதே இடத்தில் அவரே வந்து நின்றிருக்கிறார்.

சரி, இப்போது மத்தேயுவுக்கு வாருங்கள். 3-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். வானத்திலிருந்து ஒரு சத்தம்: "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." அதுவரை அவர் செய்ததாக மத்தேயு என்ன எழுதியிருக்கிறார்? ஒரு பிரசங்கம் கிடையாது, ஒரு அற்புதம் கிடையாது, ஒரு சீஷன்கூடச் சேரவில்லை. அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா சொல்கிறார். இத்தனை வருஷமும் வெளியே தெரியாத வாழ்க்கை. ஊழியத்தில் முதல் அடி வைப்பதற்கு முன்னாலேயே பிதா பிரியத்தைச் சொல்லிவிட்டார்.

உடனே 4-ஆம் அதிகாரம். வனாந்தரம், 40 நாள் உபவாசம், நல்ல பசி. சோதனைக்காரன் வந்து முதலில் என்ன கேட்கிறான்? "நீர் தேவனுடைய குமாரனேயானால்", இந்தக் கற்களை அப்பமாக்கிக் காட்டும். கவனித்தீர்களா? பிதா "குமாரன்" என்று சொல்லி முடித்த விஷயத்தை இவன் "குமாரனானால்" என்று மறுபடியும் விசாரணைக்குக் கொண்டுவருகிறான். நிரூபி என்கிறான். எனக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். நமக்குள் ஒரு குரல், "நீ உண்மையிலேயே வேண்டியவனாக இருந்தால் இதைச் சாதித்துக் காட்டு, இவ்வளவு சம்பாதித்துக் காட்டு, இன்னாரைப் போல ஊழியம் செய்து காட்டு" என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறதே, அது ஏதோ ஆவிக்குரிய வைராக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியை வேதத்தில் கேட்டது யார் என்று இப்போதுதான் பார்த்தோம். இதைச் சபைகளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாடகர் குழு, வாலிபர் கூட்டம், காணிக்கை என்று எதில் பங்கெடுக்கிறார் என்பதை வைத்து ஓர் ஆளை எடைபோட ஆரம்பித்தால், நாமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

"அவர் தேவகுமாரன், நாம் எங்கே, அவர் எங்கே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். யோவான் 17-ஆம் அதிகாரம், 23-ஆம் வசனத்தைப் பாருங்கள். பிதா தம்மில் அன்பாயிருப்பதுபோலவே தம்முடையவர்களிலும் அன்பாயிருக்கிறார் என்று இயேசுவே ஜெபத்தில் சொல்கிறார். அதற்காகப் பாவத்தைக் கண்டுகொள்ள மாட்டார் என்று அர்த்தமில்லை. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்கிறது. பாவமும் அங்கே இருக்கிறது, அன்பும் அங்கே இருக்கிறது.

இதற்காக "உன்னால் முடியும், நீ சிங்கம்" டைப் பேச்சுக்கு நான் வரவில்லை. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மோசே எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் போவதற்கு "நான் எம்மாத்திரம்" என்று கேட்டபோது, கர்த்தர் அவனுடைய திறமைகளைப் பட்டியல் போடவில்லை. அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்தின் கல்வி படித்தவன் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் சொன்னது, "நான் உன்னோடே இருப்பேன்." மோசே கேட்ட கேள்விக்கு அது நேரடியான பதில்கூட இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் அவன் போனான்.

இதனால் அன்றாடம் என்ன மாறும்? எனக்குத் தெரிந்து, குறை கேட்பது கொஞ்சம் சுலபமாகும். உங்கள் வேலையில் ஒருவர் தப்பு கண்டுபிடித்தால், வேலையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். திருத்திக்கொள்ளலாம். "அப்படியானால் நான் வேஸ்ட்" என்று இரவெல்லாம் புரள வேண்டியதில்லை. அப்புறம் பாராட்டு வந்தாலும் இதே கதைதான். இயேசு அனுப்பின 70 பேர் ஊழியம் முடித்துச் சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது, அந்த வெற்றிக்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு. லூக்கா 10.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். சிலருக்கு இது வெறும் தாழ்வு மனப்பான்மை இல்லை, வாழவே பிடிக்காத அளவுக்குச் சோர்வு. எலியா தீர்க்கதரிசிக்கு வந்தது அதுதான். கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்குப் பதிலாக அக்கினி இறங்கினது 1 இராஜாக்கள் 18, அடுத்த அதிகாரத்திலேயே "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். முன்னோர்களோடு தன்னை ஒப்பிட்டு, அவர்களைவிட நான் நல்லவன் அல்ல என்கிறார். கர்த்தர் திட்டவில்லை. தூங்கவிட்டார். தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது, சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். பிரசங்கம் எதுவும் இல்லை. அதனால் அந்த நிலைமையில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வீடியோவில் யாக்கோபின் மனைவி லேயாளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். ஆதியாகமம் 29, 30 இரண்டையும் வாசித்துவிட்டு வாருங்கள்.