லோன் ஆப்: அங்கே அடகு வைக்கிறது எதை?

[திரை: ஒரு போன். கடன் ஆப்பின் முதல் பக்கம். "உங்கள் காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும் சின்னப் பெட்டி.]

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. ஐயாயிரம் ரூபா கடன் கொடுக்கப் போற இந்த ஆப் சம்பளச் சீட்டு கேக்கல, ஜாமீன் கேக்கல. உங்க போன்ல இருக்கற நம்பர் அத்தனையும் கேக்குது. அவசரத்துல இருக்கறவங்க 'அலவ்'னு தட்டிட்டுப் போயிடுவாங்க. அடகுக் கடையில நகையை வைப்போம். இங்க அம்மா, சித்தப்பா, காலேஜ் சார், ஆபீஸ் மேனேஜர்னு நமக்குத் தெரிஞ்ச அத்தனை பேரையும் வச்சிட்டோம்.

இருபது, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்குப் போன் வழியா வர்ற நெருக்கடி நிறைய இருக்கு. நான் இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். ஏன்னா இதுல உயிர் போயிருக்கு.

[திரை: 5,000 – 1,800 = 3,200]

மொதல்ல கணக்கு. சட்டத்துக்குப் புறம்பான ஆப் எப்படிக் கறக்குதுன்னு ஒரு உதாரணம். நீங்க கேட்டது 5,000. 'ப்ராசஸிங் ஃபீஸ்'னு 1,800-ஐப் பிடிச்சுக்கிட்டு, கையில வர்றது 3,200. ஏழாவது நாள் 5,000 கட்டணும். அதாவது கைக்கு வந்த பணத்துக்கு ஏழே நாள்ல 56 சதவீத வட்டி. எந்தக் கந்துவட்டிக்காரரும் இவ்வளவு கேட்டு நான் பார்த்ததில்ல. கட்ட முடியலன்னா, இன்னொரு ஆப்ல வாங்கி இதை அடைக்கச் சொல்லி அவங்களே லிங்க் அனுப்புவாங்க. பல நேரம் ரெண்டுக்கும் பின்னாடி இருக்கறது ஒரே கூட்டம்தான்.

ஏன் இளைஞர்கள்? இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருப்பாங்க, கடனை ஒழுங்காக் கட்டறாங்களான்னு பேங்க் பார்க்கற சிபில் ஸ்கோரே உருவாகியிருக்காது. மூவாயிரம் ரூபாய்க்கு பேங்க் பெரும்பாலும் லோன் கொடுக்காது. வாடகை, போன் இஎம்ஐ, ஊருக்கு அனுப்பற பணம் எல்லாம் போக மாசக் கடைசியில ஒண்ணும் மிஞ்சாது. நண்பர்கிட்ட கைமாத்து கேக்கக் கூச்சம். ஆப்கிட்ட கேட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கறாங்க. அந்தக் கூச்சத்தைத்தான் இவங்க முதலாக்கறாங்க.

[திரை: வாட்ஸ்அப் குரூப் ஒன்று உருவாகிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சேர்க்கப்படுகிறார்கள். படம் மங்கலாக.]

கெடு தாண்டினதும் போன் வர ஆரம்பிக்கும். மொதல்ல உங்களுக்கு, அப்புறம் உங்க அத்தைக்கு, அப்புறம் நீங்க வேலை பார்க்கற இடத்துக்கு. கடன் வாங்கும்போது எடுத்த செல்ஃபியை மார்ஃபிங் பண்ணி ஆபாசப் படமாக்கி, 'திருடன்', 'மோசடிக்காரி'ன்னு எழுதி அத்தனை பேருக்கும் அனுப்புவாங்க. சிலர் பணத்தைக் கட்டி முடிச்ச பிறகும் இது நிக்கிறதில்ல. இங்க வசூல் பண்ற கருவியே மானம்தான்.

இது தனி ஆள் பண்ற வேலை இல்ல. 2021 ஜனவரியில சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸ் பெங்களூருல நாலு பேரைக் கைது பண்ணாங்க, அதுல ரெண்டு பேர் சீனாக்காரங்க. போன் போட்டு மிரட்டறதுக்குன்னே ஒரு கால் சென்டர் நடந்திருக்கு. அதே வருஷம் ரிசர்வ் வங்கி அமைச்ச குழு, இந்தியாவுல புழங்கின சுமார் 1,100 கடன் ஆப்கள்ல 600 சட்டவிரோதமானதுன்னு சொல்லுச்சு.

சட்டம் இப்ப உங்க பக்கம் இருக்கு. 2022-ல வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் ஆப் உங்க காண்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி, போட்டோ எதையும் தொடக் கூடாது. எந்த பேங்க் அல்லது நிதி நிறுவனம் கடன் கொடுக்குதுன்னு பேர் சொல்லணும். ஒரு வருஷத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்து எத்தனை சதவீதம்னு முன்னாடியே காட்டணும். வசூல் போன் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் வரக் கூடாது. கடன் வசூலுக்காக மிரட்டறதைத் தடுக்க 2025-ல தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் கொண்டு வந்திருக்கு, டிஜிட்டல் கடனும் அதுக்குள்ள வருது. 2023-ல கூகுளும் தன் பிளே ஸ்டோர்ல இருக்கற கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ் எடுக்கத் தடை போட்டுச்சு. அதனாலதான் இப்பல்லாம் வாட்ஸ்அப்லயும் எஸ்எம்எஸ்லயும் லிங்க் அனுப்பி நேரா இறக்கச் சொல்றாங்க. அந்த மாதிரி வர்ற எதையும் இறக்காதீங்க.

[திரை: 1930 | 14416]

ஏற்கெனவே மாட்டியிருந்தா, மேல ஒரு ரூபா கட்டறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட், நம்பர், பணம் போன யூபிஐ விவரம் எல்லாத்தையும் சேமிங்க. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க, தேசிய சைபர் கிரைம் இணையதளத்துலயும் புகார் கொடுங்க. தூக்கம் வராம, தப்பான எண்ணம் வந்தா 14416, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ். எந்த நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. முக்கியமா, ஆப்காரங்க சொல்றதுக்கு முன்னாடி வீட்ல நீங்களே சொல்லிடுங்க. சொல்லிட்டா அவங்ககிட்ட இருக்கற ஆயுதத்துல பாதி போச்சு.

அப்பா அம்மாவுக்கும் அண்ணன் அக்காவுக்கும் ஒண்ணு. அந்த மாதிரி படம் உங்க போனுக்கு வந்தா, 'எதுக்குடா கடன் வாங்குன?'ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தக் கேள்வியை அடுத்த மாசம் கேட்டுக்கலாம். வந்த நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க. உடனே பிள்ளைக்குப் போன் போட்டு, "எனக்கும் வந்துச்சு, நான் நம்பல. நீ கிளம்பி வா, சேர்ந்தே புகார் கொடுப்போம்"னு சொல்லுங்க.