டஸ்க் தோற்கவில்லை

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் இசை ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக் குழுவின் டஸ்க் ஆல்பம் வெற்றியா, தோல்வியா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் தோல்விதான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். அதே குழுவின் முந்தைய ஆல்பமான ரூமர்ஸின் விற்பனைக்குப் பக்கத்தில்கூட இது வரவில்லை என்றார். மக்கள் குழம்பிப் போனார்கள், வெளிவந்தபோதே எல்லோரும் முகம் சுளித்தார்கள் என்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டிப் பாழாக்கினார்கள் என்றார். கிட்டார் வாசித்துப் பாடிய லின்ட்ஸி பக்கிங்ஹாம் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழுவே பலியானது என்று முடித்தார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ரூமர்ஸ் 1977 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. ராக் இசையில் அந்த உயரத்தைத் தொட்ட ஆல்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு அடுத்ததாக, 1979 அக்டோபரில் வந்ததுதான் டஸ்க். அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, உலகம் முழுக்க ஏறக்குறைய 40 லட்சம் விற்றது. அண்ணன் மலை உச்சிக்குப் போய்விட்டான் என்பதற்காக, குன்றேறி நிற்கும் தம்பியைப் பள்ளத்தில் விழுந்தவன் என்று சொல்வீர்களா நடுவர் அவர்களே?

இன்னொன்றையும் எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. டஸ்க் இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம். 20 பாட்டு, 70 நிமிடத்துக்கு மேல். அதன் விலை 15 டாலர் 98 சென்ட். ஒற்றை இசைத்தட்டு ஏறக்குறைய அதில் பாதி விலைக்குக் கிடைத்த காலம் அது. அமெரிக்க இசைத்தட்டு வியாபாரமே அந்த ஆண்டு சரிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, வானொலியில் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் ஒலிபரப்பினார்கள். வீட்டில் கேசட் ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் பட்டனை அமுக்கிப் பதிந்துகொண்டார்கள். விற்பனை அடிபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் தாண்டி 40 லட்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

செலவைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. செலவானது உண்மை. லாஸ் ஏஞ்சலீஸில் வில்லேஜ் ரெக்கார்டர் ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தப் பணத்தைப் போட்டு ஏற்கெனவே விற்ற சரக்கையே திரும்பச் செய்யாமல், புதிதாக ஒன்றைத் தேடினார்கள். தேடலுக்குச் செலவழித்ததைப் பாழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிடிவாதம் என்ற குற்றச்சாட்டுக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பக்கிங்ஹாம் பிடிவாதம் பிடித்தது உண்மை. இரண்டாவது ரூமர்ஸ் செய்ய மாட்டேன் என்று நின்றார். அப்போது ராக் இசையில் பங்க், நியூ வேவ் என்று புதிய பாணிகளின் அலை எழுந்திருந்தது. டாக்கிங் ஹெட்ஸ், தி கிளாஷ் போன்ற குழுக்களின் இசை அவரை உலுக்கியிருந்தது. சில பாட்டுகளை வீட்டிலேயே உட்கார்ந்து, வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். ஸ்டுடியோவில் மைக்கைத் தரையில் ஒட்டவைத்து, தண்டால் எடுப்பவரைப் போலக் கைகளை ஊன்றிக் குனிந்து பாடினார். குரல் வேறு மாதிரி வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் இதை ஒருவரின் ஆல்பம் என்று சொல்வது தவறு. 20 பாட்டில் அவர் எழுதியவை 9. குழுவின் பாடகிகளான கிறிஸ்டின் மெக்வீ எழுதியவை 6, ஸ்டீவி நிக்ஸ் எழுதியவை 5. எண்ணிக்கையில் பெண்கள் இருவரின் பாட்டுகள்தான் அதிகம்! ஆல்பத்தைத் தொடங்கிவைப்பது கிறிஸ்டினின் 'ஓவர் அண்ட் ஓவர்'. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு களைப்போடு ஒரு குரல் வருகிறது. அது ஓய்ந்தவுடன், தகரத்தைத் தட்டியதுபோலப் படபடவென்று பக்கிங்ஹாமின் 'தி லெட்ஜ்' பாய்கிறது. முதன்முறை கேட்டபோது தட்டு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். மூன்று பாட்டு தள்ளி ஸ்டீவியின் 'சாரா' வரும்போது, ஆறு நிமிடத்துக்கு மேல் நாம் வேறு உலகத்தில் இருக்கிறோம்.

இந்த மோதல்தான் ஆல்பத்தின் உயிர். ஸ்டீவியும் லின்ட்ஸியும் காதலித்துப் பிரிந்தவர்கள். கிறிஸ்டினும் பாஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் மணமுறிவு கண்டவர்கள். அப்புறமும் ஒரே அறையில் நின்று, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வாசித்தார்கள், கூடப் பாடினார்கள். ரூமர்ஸில் அந்தக் காயத்தின் மேல் மெருகு பூசியிருந்தார்கள். டஸ்கில் மெருகு இல்லை.

இனி 'டஸ்க்' என்ற தலைப்புப் பாட்டுக்கு வருகிறேன். அது கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனை நேரத்தில் விளையாட்டாக வாசித்துவந்த ஒரு சின்னத் துணுக்கிலிருந்து பிறந்தது. அதற்குத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவைக் கூப்பிடலாம் என்ற யோசனை யாருடையது தெரியுமா? மிக் ஃப்ளீட்வுட்டுடையது! பிடிவாதக்காரர் என்று நீங்கள் சொன்னவருடையது இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஆளில்லாத டாட்ஜர் ஸ்டேடியத்தில், ட்ரம்பெட்டும் டிராம்போனும் முரசுமாக நின்று வாசித்தார்கள். அதைப் படம் பிடித்த நாளில் ஜான் மெக்வீ ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக அட்டையில் வெட்டிய அவர் உருவத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். இந்தப் பாட்டில் வரிகள் மிகக் குறைவு. முணுமுணுப்பும், முரசும், கூச்சலும், திடீரென்று வெடிக்கும் பித்தளை வாத்தியங்களும்தான். ஒரு பெரிய நட்சத்திரக் குழு இதை இந்த ஆல்பத்தின் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டது. அது அமெரிக்காவில் 8-ஆம் இடமும் பிரிட்டனில் 6-ஆம் இடமும் பிடித்தது. மக்கள் குழம்பிப் போனார்கள் என்கிறீர்கள். குழம்பியவர்களா இவ்வளவு வாங்கினார்கள்?

எதிரணிக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நண்பர் அதைத் தொடவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்த அடுத்த ஸ்டுடியோ ஆல்பமான மிராஜில் குழு பழைய வழிக்குத் திரும்பியது, அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. 'பாருங்கள், அவர்களே தவறை உணர்ந்துவிட்டார்கள்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அது வலிக்கிறது. டஸ்கில் சில பாட்டுகள் முடிக்காமல் விட்டதுபோல் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்து திரும்பியவர்கள், போன பாதை தவறு என்று நிரூபிக்கவில்லை. அது ஆபத்தான பாதை, அவ்வளவுதான்.

வெளிவந்தபோதே எல்லோரும் முகம் சுளித்தார்கள் என்பதும் சரியில்லை. ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சனம் அன்றைக்கே இதை, பீட்டில்ஸின் புகழ்பெற்ற இரட்டை இசைத்தட்டான வெள்ளை ஆல்பத்தோடு சேர்த்துப் பேசியது. பிற்காலத்தில் கேம்பர் வான் பீத்தோவன் என்ற கலிஃபோர்னியக் குழு, ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை தன் பாணியில் பாடி வெளியிட்டது. தோற்றுப்போன ஆல்பத்தை அப்படி யாராவது மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்களா? 2015-இல், பதிவறையில் ஒதுக்கிய வடிவங்களையெல்லாம் தேடி எடுத்துச் சேர்த்து, பெரிய சிறப்புப் பதிப்பாகவே கொண்டுவந்தார்கள்.

தீர்ப்புக்கு முன் ஒரே ஒரு காட்சியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில் வாசித்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளில், ஆல்பம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதே முரசையும் அதே ட்ரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு இன்றும் டஸ்க் வாசிக்கிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கூடச் சேர்ந்து கத்துகிறது.

நன்றி, வணக்கம்.