அம்மம்மாவின் பெட்டியில் இருக்கும் கடிதங்களை என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள் ஒரு கட்டுக் கடிதம், சீதனமாக வளவு எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம், குடும்பத்தார் பெயர்கள் எழுதின பழைய கொப்பி எல்லாம் இருக்கிறதாம், லமினேட் பண்ணி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்கலாம் தங்கச்சி, கட்டாயம் கொடுங்கள். லமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். எங்கள் அப்பப்பாவின் கடிதம் ஒன்றை நல்லது என்று நினைத்து நானே கடையில் கொடுத்துப் பண்ணினேன், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு உருகி ஒட்டிவிட்டது, இனி அதைப் பிரிக்க வழியே இல்லை, இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனது கேட்பதில்லை. செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில வருடத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள், எங்கள் உப்புக் காற்றுக்கு எல்லாம் துருப்பிடிக்கும்.

கடித உறையை எறிந்துவிடாதீர்கள். நிறையப் பேர் உள்ளே திகதி போடாமல் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி "இப்படிக்கு அன்புத் தம்பி" என்று முடித்திருப்பார்கள், எந்த வருடம், எந்த ஊரில் இருந்து என்று தெரிய மிஞ்சியிருப்பது தபால் கந்தோரில் உறையில் குத்தின திகதி முத்திரைதான். தபால்தலை சேர்க்கிற பொடியன்கள் அதைக் கிழித்தெடுத்த உறைகளில் அந்தத் திகதியும் அதோடு போயிருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். அந்தத் "தம்பி" யார்? அது அம்மம்மாவுக்குத்தான் தெரியும். காப்பகத்தில் இருப்பவர்கள் தாளைப் பத்திரமாக வைப்பார்கள், ஆளை அடையாளம் காட்ட அவர்களால் முடியாது. அதனால் பெட்டியைக் கொடுப்பதற்கு முதல் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கடிதம் கடிதமாக வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை போனில் பதிவு பண்ணுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, பின்பக்க மூலையில் பென்சிலால் மெதுவாகக் குறியுங்கள், பேனையால் வேண்டாம்.

குடும்ப மரம் எழுதும்போது இன்னொன்று. இணையத்தில் கிடைக்கிற படிவங்களில் பெரும்பாலும் தகப்பன் பெயர் வழியாகத்தான் வரி ஓடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது, தமிழ் ஆட்களுக்கும் சரி, முஸ்லிம் ஆட்களுக்கும் சரி. கோயில் உரிமையும் குடியை வைத்துத்தான், வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் போகும். பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து தகப்பனுடையது, குடியோ தாயுடையது, தகப்பன் வழியை மட்டும் எழுதினால் அம்மம்மாவின் தாய், அவருடைய தாய் என்று போகிற கொடி அப்படியே அறுந்துவிடும். அந்தச் சீதன உறுதியைத்தான் நான் முதலில் ஸ்கேன் பண்ணுவேன், யார் யாருக்கு எந்த வளவைக் கொடுத்தார் என்று பெண்கள் வழி எழுத்தில் இருக்கிற இடம் அது.

ஸ்கேன் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், நிறத்தில் எடுங்கள், வெறும் பக்கம் என்று பின்பக்கத்தை விடாதீர்கள். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம் கொடுங்கள். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் ஒரே வீட்டில் இருந்த எல்லாமே ஒரே நாளில் போனதை நாங்கள் கண்டவர்கள். தாள்கள் நனைந்தால் வெயிலில் போடாமல், நிழலில் வெள்ளைத்தாளுக்கு இடையில் வைத்துக் காயவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எங்கே கொடுப்பது என்றால், நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி, அதாவது டிஜிட்டல் பிரதியாக்கி, இணையத்தில் வைக்கிறது, அவர்களிடம் பேசிப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும் மூலத்தைத் திருப்பித் தருவார்களா, எல்லாரும் வாசிக்கத் திறந்து வைப்பார்களா என்று முதலே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குடும்பச் சண்டை, கடன் கதை உள்ள கடிதங்களை அதில் வருகிற ஆட்கள் உயிரோடு இருக்கும்வரை மூடி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்கேனர், காப்பகம் எல்லாம் அடுத்த மாதமும் இருக்கும், அம்மம்மாவிடம் இந்தச் சனி ஞாயிறே போய் இருங்கள்.