கொள்ளுத்தாத்தாவை எந்த ஏட்டில் தேடுவது?

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பலரும், வரிசை வரிசையாகக் கல்லைப் படித்துவிட்டு, பெயரைக் காணோம், அப்போ இங்கே அடக்கம் செய்யவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம் இது. கல் நடக் காசு வேண்டும். இல்லாதவர்கள் மரச்சிலுவை நட்டார்கள், அது மழையில் மக்கிப்போனது. சில ஊர்களில் குழியைக் குத்தகைக்குத்தான் தருவார்கள், தவணை முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்வார்கள். ஆனால் அடக்கம் செய்தவர்களைப் பதிந்துவைக்கும் அடக்க ஏட்டில் எழுதிய வரி அப்படியே இருக்கும்.

அந்த ஒரே வரியில் பெயர், வயது, அடக்கம் செய்த தேதி, சில ஏடுகளில் தகப்பன் பெயர், தொழில், குழி எண்கூட இருக்கும். இங்கிலாந்தில் 1538-லேயே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குதோறும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும், எழுதிவைக்க உத்தரவு போட்டார்கள். ஏடு தேவாலயத்திலோ நகராட்சியிலோ இருக்கலாம், பழையது என்றால் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும், மூன்று இடத்திலும் கேளுங்கள். உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் படைவீரர் என்றால் வேலை சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் சுமார் 17 லட்சம் பேரைப் பெயர் போட்டுத் தேடலாம், கல்லறையே இல்லாதவர்களும் அதில் உண்டு.

அப்புறம், பெயரை மட்டும் நம்பாதீர்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். என் பாட்டியின் அண்ணனை மூன்று தடவை தேடியும் காணோம். கடைசியில், அவர் இறந்த மாதத்தின் எல்லா வரிகளையும் விரல் வைத்துப் படித்தபோது வயதும் தகப்பன் பெயரும் அச்சாகப் பொருந்தின, அவர் பெயர் மட்டும் வேறு எழுத்தில் தொடங்கியது.

கல் இருந்து, எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸ், கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம், கல் பாழாகிவிடும். சாயங்காலம் போய் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். பக்கத்துக் கல்லறைகளையும் போட்டோ எடுங்கள், சொந்தக்காரர்களை அருகருகே அடக்கம் செய்வது வழக்கம்.

ஏட்டில் அவர் கிடைத்தவுடன் மூடிவிடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். அதே தகப்பன் பெயரில், வயது என்ற இடத்தில் மூன்று மாதம் என்றோ பதினொரு நாள் என்றோ எழுதியிருக்கலாம். வீட்டில் யாரும் சொல்லாமலே விட்ட குழந்தைகள் அவர்கள். அந்த வரிகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.