கெனெமாவிலிருந்து 300 கிலோமீட்டர்

அவையோருக்கு வணக்கம்.

சியரா லியோனில் மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு ஒகாடா என்று பெயர். ஓட்டுகிறவர் தலையிலேயே ஹெல்மெட் இருக்காது. பின்னால் உட்கார்ந்தவரைக் கேட்கவே வேண்டாம். கெனெமாவில் ஒருவர் ஒகாடாவிலிருந்து விழுகிறார். எழுந்து பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். இரண்டு மணி நேரத்தில் உளறுகிறார், பிறகு நினைவு போகிறது. வலது கண்பாவை விரிந்துவிட்டது. தலைநகர் ஃப்ரீடவுன் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அனுப்புவதா, அங்கேயே மண்டையைத் துளைப்பதா?

துளைக்கத்தான் வேண்டும். தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையைப் போர்த்திய டியூரா உறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருக்கிறது. பெரும்பாலும் மூளைக்குப் பெரிய சேதம் இராது, அழுத்தம்தான் கொல்லும். பாவை விரிந்தவரை நாலைந்து மணி நேரம் வண்டியில் அனுப்பினால் போய்ச் சேருவது சடலமாகத்தான் இருக்கும்.

ஆனால் கத்தியை எடுக்கும் முன் ஆக்சிஜன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர், மின்சாரம் போனால் நின்றுவிடும்; நிரப்பிய சிலிண்டர் ஒன்று அறையிலேயே இருக்கட்டும். மேல் இரத்த அழுத்தம் 110க்குக் கீழே போகக் கூடாது. பெரியவர்களுக்குத் தலைக்காயம் மட்டுமே அழுத்தத்தை இறக்குவது அரிது. வயிறு, இடுப்பெலும்பு, தொடை எல்லாவற்றிலும் இரத்தக் கசிவைத் தேடுங்கள். மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்து கிலோவுக்கு 1 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் கரைசலில் 300 மில்லி. அழுத்தம் இறங்கியவருக்கு இதை ஏற்றினால் உள்ள நீரும் சிறுநீராகப் போய், அழுத்தம் இன்னும் சரியும். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம்: தலைக்காயத்தில் அது சாவைக் கூட்டுகிறது என்று 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2004இலேயே காட்டிவிட்டது. பழக்கதோஷத்தில் இன்னும் போடுகிறவர்கள் உண்டு.

ஸ்கேன் இல்லாத இடத்தில் விரிந்த பாவையே வழிகாட்டி. அந்தப் பக்கமே திறங்கள். காதுத் துளைக்கு இரண்டு விரற்கடை முன்னால், மூன்று விரற்கடை மேலே. தோலையும் தசையையும் எலும்பு வரை நெடுக வெட்டி விலக்குங்கள். ஹட்சன் பிரேஸ் கையால் சுற்றும் கருவி, மின்சாரம் தேவையில்லை. முதலில் கூர்முனை. அது மண்டையோட்டின் உள் அடுக்கான உள்பலகையைத் தொட்டதும் கையில் லேசாகத் தட்டும், ஆடும். அங்கே நிறுத்தி, பர் என்ற அகலமான துளைமுனையை மாட்டுங்கள். பொட்டு எலும்பு மெல்லியது. உடம்பின் பாரத்தைக் கருவிமேல் போட்டால் முனை நேரே மூளைக்குள் இறங்கிவிடும்.

துளை போட்டதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். இரத்தக் கட்டி ஜெல்லிபோல் உறைந்திருக்கும். அந்தச் சிறு துளை வழியே கொஞ்சம்தான் வரும். ரோஞ்சர் என்ற எலும்பு வெட்டும் இடுக்கியால் எலும்பைக் கொறித்து நாலைந்து சென்டிமீட்டர் திறந்து, சலைனால் கழுவி உறிஞ்சுங்கள். மிதித்து இயக்கும் உறிஞ்சுகருவி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். கசியும் தமனியைச் சுட்டு அடையுங்கள். எலும்புத் துளைக்குள்ளிருந்து வந்தால் மெழுகால் அடையுங்கள். பிறகு டியூராவை ஓரங்களில் தைத்துத் தூக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் அதே இடத்தில் மறுபடி கட்டும். கட்டி இல்லாமல் டியூரா நீலமாகப் புடைத்திருந்தால் இரத்தம் அதற்கு அடியில். டியூராவைத் திறக்க வேண்டும்.

அடுத்த 24 மணி நேரம் நர்ஸ் கையில். மணிக்கொரு முறை பாவை, நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண். இரண்டு புள்ளி குறைந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அறுவை அறைக்கு. வார்டு டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று மாலையிலேயே பார்த்துவிடுங்கள்.